இடைவேளை யாருக்காக?

திரைப்படம் பார்க்கச் செல்கின்றவன் எதற்குப் பணம் கொடுக்கின்றான்? படத்திற்கு என்பீர்கள். கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லுகின்றது. நாட்டின் மிகப் பெரிய திரையரங்கு நிறுவனமான பி.வி.ஆர். ஐநாக்ஸ், 2023-24 ஆம் ஆண்டில் ஒரு நுழைவுச் சீட்டுக்குச் சராசரியாக 259 ரூபாய் பெற்றது. அதே ஆண்டில் உள்ளே வந்த ஒவ்வொரு தலைக்கும் சராசரியாக 132 ரூபாய்க்குத் தின்பண்டமும் பானமும் விற்றது. சீட்டு விலையில் பாதிக்கு மேல் தீனி! ஒன்றுமே வாங்காத தாத்தாவையும், சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த மாணவனையும் சேர்த்து வகுத்த சராசரி இது. வாங்கியவர்கள் மட்டும் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்திற்கே விட்டுவிடுகின்றேன்.

விலை அதிகம் என்று முறையிடுவதற்காக நான் எழுத முற்படவில்லை. அந்த முறையீடு உச்ச நீதிமன்றம் வரை எட்டிவிட்டது. 2025 நவம்பரில், கர்நாடகத்துச் சீட்டு விலை பற்றிய வழக்கை விசாரித்த நீதிபதிகளே, தண்ணீர்ப் போத்தலுக்கு 100 ரூபாயும் காப்பிக்கு 700 ரூபாயும் வாங்கினால் அரங்கு காலியாகத்தான் கிடக்கும் என்று கடிந்துகொண்டார்கள். பெரியவர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே செலவிடுகின்றார்கள். கொடுப்பதும் கொடாததும் அவர்கள் விருப்பம். என் கவலை அந்தக் கடைமுன் நிற்கும் குழந்தையைப் பற்றியது. இன்றைய திரையரங்கு குழந்தைக்கு ஆசையைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக ஆகிவிட்டது. கதவை அடைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, அது இன்னதைத் தின்னவேண்டும், இன்னதைக் குடிக்கவேண்டும் என்று பாடம் நடத்துகின்றது. அந்தப் பாடத்தை நிறுத்தவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

போனக்காட்டுக்காரனுக்குச் சினிமாக் கொட்டகையில் என்ன அக்கறை என்று தோழர்கள் சிலர் நகைக்கக்கூடும். நம்மில் பலர் போனக்காட்டை அகத்தியர்கூட மலையேற்றத்தின் தொடக்கம் என்றோ, பேய் உலவும் பங்களா உள்ள ஊர் என்றோதான் அறிவர். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து கிள்ள வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே லயங்களில் வாழ்கின்றார்கள். தொழிற்சாலை நின்று ஆண்டுகள் பல ஆயின. கூலி பாக்கி என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவன் நான். அங்கே திரையரங்கு இல்லை. ஆகவேதான் எழுதுகின்றேன். படம் பார்ப்பது எங்கள் குழந்தைகளுக்கு வாராவாரம் வரும் பொழுதுபோக்கு அன்று; ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும் திருநாள். திருநாளில் கற்ற பாடம் எளிதில் மறப்பதில்லை.

ஓணப் பரீட்சை முடிந்த விடுமுறை ஒன்றில் என் அக்காள் பிள்ளைகள் இருவரை நகரத்து அரங்கு ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அக்காள் ஒரு சிறு தூக்கில் அவித்த வேர்க்கடலையும் நாலு அரிசி முறுக்கும் போட்டுக் கொடுத்திருந்தாள். வாயிலில் பையைத் திறந்து பார்த்த காவலர், தூக்கை எடுத்து மேசையின் கீழே வைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ளுமாறு மரியாதையாகவே சொன்னார். அவர்மேல் குற்றமில்லை, சம்பளம் வாங்கும் ஏழை. உள்ளே போய் அமர்ந்தோம். படம் தொடங்குமுன் விளம்பரங்கள் ஓடின. குமிழி பொங்கும் குவளை, வெண்ணெய் வழியும் சோளப்பொரி, ஆடிப்பாடும் சிறுவர். இடைவேளை மணி அடித்ததும் இளையவன் என் கையைப் பிடித்து, “மாமா, திரையில வந்துச்சே, அது வேணும்” என்றான். அதன் பெயரை விளம்பரத்தில் வந்த மெட்டிலேயே பாடியும் காட்டினான். வாங்கிக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க எந்த மாமனால் முடியும்? நாங்கள் மூவரும் மலையிறங்கி வந்துபோகப் பேருந்துக்கு ஆன செலவைவிட அந்த ஒரு தட்டுக்கு அதிகமாயிற்று.

இதைச் சொல்லும்போது எனக்கு மூணாறு நினைவுக்கு வருகின்றது. 2015 இல் மூணாற்றுத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தெருவில் அமர்ந்தார்கள். கேரளத்துத் தேயிலைத் தோட்டத்தில் அன்று நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்தின் பின் அது 301 ரூபாய் ஆயிற்று. நாடே திரும்பிப் பார்த்த அந்தப் போராட்டத்தால் கூடியது 69 ரூபாய். இன்றைய பெரிய அரங்கின் இடைவேளைக் கடையில் 69 ரூபாயை நீட்டிப் பாருங்கள். என்ன கொடுக்கின்றார்கள் என்று பார்ப்போம்.

வெளி உணவைத் தடுப்பது சட்டப்படி சரியா என்று கேட்கலாம். சரியே என்று தீர்ப்பாகிவிட்டது. 2018 இல் சம்மு காசுமீர் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2023 சனவரி 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி நரசிம்மாவும் அமர்ந்த உச்ச நீதிமன்றம் அவ்வாணையை மாற்றியது. அரங்கு தனியார் சொத்து. உள்ளே எது வரலாம் என்பதை உரிமையாளர் வகுக்கலாம் என்றது. யாரேனும் ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விரலை இருக்கையில் துடைத்தால் துப்புரவுக்கு யார் பொறுப்பு என்று தலைமை நீதிபதி வேடிக்கையாகக் கேட்டதும் செய்தியாயிற்று. ஆனால் இரண்டு விலக்குகளையும் அத்தீர்ப்பு சொன்னது. குடிநீரை விலையில்லாமல் கொடுக்கவேண்டும். கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக்கூடாது.

தீர்ப்பை நான் மதிக்கின்றேன். ஆயினும் ஒன்று கேட்பேன். வேறு எதையும் தின்ன வழியில்லாதபடி ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளும் உரிமை உமக்கு உண்டென்றால், அவருக்கு நீர் எதைக் காட்டி எதை விற்கின்றீர் என்பதில் பொறுப்பும் உண்டல்லவா? கதவு திறந்திருக்கும் சந்தையில் கூவி விற்பவனுக்கும், கதவை மூடிவிட்டுக் கூவுகின்றவனுக்கும் வேற்றுமை இல்லையா?

பழங்காலத்துக் கொட்டகையில் தீனி இல்லையா என்று பெரியவர்கள் கேட்பர். இருந்தது. 1905 இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கிய நாள்தொட்டு, தமிழன் படத்தையும் முறுக்கையும் ஒன்றாகவே பார்த்து வந்தான். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்தவனுக்குக் கடலையும் கைமுறுக்கும் கோலி சோடாவும் கலரும் வந்தன. அவற்றை விற்றவள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரி. காலையில் தன் வீட்டுத் திண்ணையில் விற்ற முறுக்கையே மாலையில் கொட்டகை வாசலில் விற்றாள். திரையில் கண்ணாடிச் சில்லு விளம்பரம் அன்றும் உண்டு. பீடிக்கும் சோப்புக்கும் உண்டு. முறுக்குக்காரிக்கு மட்டும் விளம்பரம் இல்லை. அவள் குரல் எவ்வளவு தூரம் எட்டியதோ அவ்வளவுதான் அவள் விளம்பரம்.

சோளப்பொரியின் தாயகமான அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இப்படி இல்லை. 1893 இல் சிகாகோப் பொருட்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் பொரி இயந்திரத்தைக் காட்டினார். அதன் பிறகும் நெடுநாள் கம்பளம் விரித்த பெரிய அரங்குகள் பொரியை உள்ளே விடவில்லை. குப்பை என்றன, ஓசை என்றன. தள்ளுவண்டிக்காரன் வெளியே நின்று விற்றான். 1929 க்குப் பிறகு பொருளாதார வீழ்ச்சி வந்தது. சீட்டுப் பணம் போதவில்லை. ஐந்து சென்ட்டுக்கு விற்ற பொரியே பல அரங்குகளைக் காப்பாற்றிற்று. அன்று உள்ளே நுழைந்த பொரி இன்று வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டது.

இன்றைய வித்தை எப்படி நடக்கின்றது என்று பாருங்கள். முதற் பூட்டு வாசலில்: வீட்டுப் பண்டம் வெளியே நிற்கும். இரண்டாம் பூட்டு திரையில்: இருட்டில், கண் வேறெங்கும் போக முடியாத இடத்தில், ஆளுயரத்துக்குமேல் பத்து மடங்கு பெரிய குவளை குழந்தையின் முன் எழும். வீட்டுத் தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் குழந்தை எழுந்து ஓடும். அம்மா ஒலியைக் குறைப்பாள். இங்கே யார் குறைப்பார்? மூன்றாம் பூட்டு கடையில்: படத்தின் நாயகனோ கேலிச்சித்திர விலங்கோ அச்சிட்ட வாளி; அதனுடன் ஒரு பொம்மை; சிறியதற்கும் பெரியதற்கும் விலையில் சிறு வேற்றுமை வைத்துப் பெரியதையே வாங்கத் தூண்டும் பலகை; பொரியும் பானமும் சேர்த்துக் ‘காம்போ’. உப்பிட்ட பொரியைத் தின்றால் தாகம் எடுக்கும். தாகத்துக்கு மருந்து பக்கத்திலேயே குமிழியிடும். விலையில்லாத குடிநீர் எந்த மூலையில் இருக்கின்றது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

சோளப்பொரியே தீயது என்று நான் சொல்லவில்லை. வெறும் சோளத்தைப் பொரித்தால் அது முழுத் தானியம், நல்ல பண்டம். அதன்மேல் ஊற்றும் கொழுப்பும் உப்பும் சர்க்கரைப்பாகும்தான் அதைக் கெடுக்கின்றன. பானத்தின் கணக்கோ இன்னும் எளிது. கோலா வகைப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்குப் பத்துப் பதினோரு கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லிலிட்டர் குவளை ஒன்றில் 30 கிராமுக்கு மேல். தேக்கரண்டிக் கணக்கில் ஆறு ஏழு. நாம் உண்ணும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்த சர்க்கரையிலிருந்து வரலாகாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு அது 37 கிராம். பாதி என்றால் 19 கிராம். காலைத் தேநீரையும் மாலை மிட்டாயையும் கணக்கில் சேர்க்காமலே, ஓர் இடைவேளையில் ஒரு நாளின் பங்கு தீர்ந்தது.

நம் அரசுக்கு இது தெரியாதா? தெரியும். வரி வாங்கும்போது நன்றாகத் தெரியும். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பொரிக்கு விளக்கம் சொல்லிற்று. உப்பும் மசாலாவும் சேர்த்துச் சில்லறையாக விற்றால் 5 விழுக்காடு. பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டினால் 12. சர்க்கரைப்பாகு சேர்த்தால் அது மிட்டாய் இனம், ஆகவே 18. நாடு சிரித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வேற்றுமை போய் எல்லாப் பொரிக்கும் 5 என்றாயிற்று. குமிழிப் பானத்திற்கு 40. சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. சர்க்கரை சேர்ந்தால் பொரி வேறு பொருளாகிவிடுகின்றது என்பதை வரி அதிகாரி கண்டுகொண்டார். குழந்தையின் உடம்பும் அதைக் கண்டுகொள்ளும் என்பதைத்தான் யாரும் பேசவில்லை.

நம் கேரளமே ஒருமுறை துணிந்தது. 2016 இல் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பெயர்பெற்ற நிறுவனங்களின் உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றின்மேல் 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’ விதித்தார். 2017 சூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அது மறைந்தது. வரி வரும், போகும். வாங்குகின்றவன் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பான். ஆசையை விதைக்கும் விளம்பரத்தைத் தொடாமல் விலையை மட்டும் தொட்டால், ஏழை வீட்டுப் பிள்ளையின் அழுகை கூடுமே ஒழிய ஆசை குறையாது.

விளம்பரத்தைத் தொட்ட சட்டங்களும் இல்லாமலில்லை. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 இல் விதி செய்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும், குழந்தைகளுக்கென்றே நடக்கும் தொலைக்காட்சியிலும் சிப்ஸ், குமிழிப் பானம் போன்றவற்றின் விளம்பரம் வரலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூனில் நெறிமுறை வகுத்தது. நல்லது. ஆனால் பள்ளிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே திரையரங்கு என்று ஓர் இடம் இருப்பதை அந்த நெறிமுறை பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வீட்டில் கூடாதென்று விலக்கியது, அதைவிடப் பெரிய திரையில், அதைவிட இருண்ட அறையில், காசு கொடுத்து வந்த குழந்தையின் முன் ஆடலாமா?

திரையரங்கில் அரசு தலையிடுவது புதுமையா? இல்லவே இல்லை. புகைக்கும் காட்சியுள்ள படம் என்றால், 2012 அக்டோபர் முதல், படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலையின் தீமையைக் காட்டும் குறும்படம் ஓடியாகவேண்டும். அந்தப் புற்றுநோயாளியின் முகம் நம்மில் யாருக்கு நினைவில்லை? திரை மனிதரைப் படிப்பிக்கும், ஆகவே அங்கே நல்ல பாடமும் வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதுமட்டுமா? 2023 இல் திருத்திய சட்டப்படி படங்களுக்கு ‘யு’ என்றும், ‘யு.ஏ. 7+’, ‘13+’, ‘16+’ என்றும் வயது வகுத்துச் சான்று தருகின்றார்கள். ஏழு வயதுக் குழந்தை எவ்வளவு குருதி பார்க்கலாம் என்று ஒரு குழு உட்கார்ந்து எண்ணுகின்றது. அதே குழந்தை அதே இருக்கையில் எவ்வளவு சர்க்கரை விளம்பரம் பார்க்கலாம் என்று எண்ண ஒருவரும் இல்லை.

வெளிநாடுகளில் சில முன்னே சென்றுவிட்டன. கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தையே 1980 முதல் தடுத்துள்ளது. சிலி நாடு 2016 இல் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது. அவற்றின்மீது குழந்தைகளை ஈர்க்கும் கேலிச்சித்திரங்களையும் நீக்கச் சொல்லிற்று. இலண்டன் நகரப் போக்குவரத்துக் கழகம் 2019 பிப்ரவரியில் தன் ரயில்களிலும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் இத்தகைய விளம்பரங்களை விலக்கியது. பிரிட்டனில் 2026 சனவரி முதல் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் இவை வரலாகாது. 2010 இலேயே உலகச் சுகாதாரப் பேரவை, குழந்தைகள் கூடும் இடங்கள் இந்த வணிகத்திலிருந்து விடுபட்டிருக்கவேண்டும் என்ற பரிந்துரையை ஏற்றது. அப்பரிந்துரை எடுத்துக்காட்டாகச் சொன்னவை பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள் முதலியன. விடுமுறை நாளில் ‘யு’ படம் ஓடும் அரங்கு குழந்தைகள் கூடும் இடம் அல்லவென்றால், வேறு எது?

திரையரங்கே இல்லாத போனக்காட்டிற்கு இதனால் என்ன கெட்டுவிட்டது என்பீர்களானால், என்னுடன் ஒருநாள் மலையேறி வாருங்கள். லயத்துப் பெட்டிக்கடையில் மாலை மாலையாகத் தொங்குவது என்ன? ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பொட்டலம். பெரிய அரங்கில் வாளியாக விற்பதன் ஏழைத் தம்பி அது. ஏழையின் கைக்குள் அடங்கும்படி அளவைச் சுருக்கி, விலையை ஐந்திலேயே நிறுத்தி, திரையில் பார்த்த முகத்தையே அதன் விளம்பரத்திலும் சிரிக்க வைத்திருக்கின்றார்கள். கூலி ஒழுங்காக வராத மலைக்கு, கூரை ஒழுகும் லயத்துக்கு, பொட்டலம் மட்டும் தவறாமல் வந்துசேர்கின்றது. பழத்தைத் தேடினால் விதுராச் சந்தைக்கு இறங்கவேண்டும். பொட்டலம் வாசற்படியில் கிடைக்கும். நகரத்து அரங்கில் விதைத்த ஆசை மலைமேல் ஐந்து ரூபாய்க்கு அறுவடையாகின்றது.

இதன் விளைவைச் சிலர் பணக்கார வீட்டு நோய் என்று தள்ளிவிடுகின்றார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 2019-21 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தார்கள். அதே ஆய்வில் மிகை எடையுள்ள குழந்தைகள் 2.1 லிருந்து 3.4 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள். பசியும் கொழுப்பும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே வீட்டில், ஒன்றாக வளர்கின்றன. உலகெங்கும் 5 முதல் 19 வயதுள்ளோரில் உடல் மெலிந்தவர்களைவிட உடல் பருத்தவர்கள் மிகுந்துவிட்டார்கள் என்று 2025 இல் யுனிசெஃப் கூறியது. வயிறு நிறைந்ததுபோல் தோன்றும், உடம்பு வளராது. இதைப் போன்ற ஏமாற்றம் ஏழைக்கு வேறில்லை.

மறுப்புகளை எதிர்பார்க்கின்றேன். கடை வருமானம் இல்லாவிட்டால் அரங்கு மூடிவிடும் என்பது முதல் மறுப்பு. உண்மை கலந்த மறுப்புத்தான். ஒற்றைத் திரையரங்குகள் பல மூடியதை நாம் கண்டிருக்கின்றோம். ஆனால் கடையை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குழந்தைப் படத்தின்முன் அந்த விளம்பரம் வேண்டாம் என்கின்றேன். சுண்டலும் மோரும் விற்றால் பணம் கல்லாவுக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லுமா? முறுக்கும் எண்ணெய்ப் பண்டம்தானே என்பது இரண்டாம் மறுப்பு. ஆம், எண்ணெய்ப் பண்டம்தான். முறுக்கை மருந்தென்று நான் பாராட்டவில்லை. ஆனால் முறுக்குக்காரிக்குக் கோடி ரூபாய் விளம்பரம் இல்லை, கதவுக் காவல் இல்லை, கேலிச்சித்திர விலங்கு இல்லை. பிள்ளையைக் கண்டிப்பது பெற்றோர் கடமை என்பது மூன்றாம் மறுப்பு. கடமைதான். ஆயின் ஒரு பக்கம் கொழுந்துக்கூடை சுமந்து களைத்த தாய். மறுபக்கம் குழந்தை மனத்தை ஆராய்ந்து விளம்பரம் தீட்டும் பட்டணத்து நிபுணர் கூட்டம். இதைச் சமமான போட்டி என்று கூறுவார் உண்டோ?

நான்காம் மறுப்பு என் நெஞ்சையே குத்துவது. ஆண்டுக்கு ஒருமுறை படம் பார்க்க வரும் ஏழைக் குழந்தையிடமிருந்து அந்த ஒருநாள் இன்பத்தையும் பறிக்கவேண்டுமா? இல்லை, தோழர்களே. அக்குழந்தை கேட்டால் நாளையும் வாங்கிக் கொடுப்பேன். அவன் கையிலுள்ளதைப் பிடுங்க நான் வரவில்லை. அவன் நெஞ்சில் அதைத் திணிக்கின்றவர்களைத் தடுக்கச் சொல்லுகின்றேன். திருநாள் இன்பம் எது என்பதை அவனும் அவன் தாயும் முடிவு செய்யட்டும். அவித்த கடலையைத் தூக்கில் போட்டுக் கொடுத்தவளுக்கு அவ்வுரிமை இல்லையா? அவள் அன்பு மேசையின் கீழே காத்துக்கிடக்க, அயலான் விளம்பரம் திரைமேல் ஆடலாமா?

ஆகவே என் கோரிக்கைகள் சிலவே. ‘யு’, ‘யு.ஏ. 7+’ சான்று பெற்ற படங்களின் முன்னும் இடைவேளையிலும் இத்தகைய பண்டங்களின் விளம்பரம் வரலாகாது என்று 2022 நெறிமுறையில் திரையரங்கின் பெயரைத் தெளிவாகச் சேர்க்கவேண்டும். கடைப் பலகையில் விலைக்குப் பக்கத்தில் சர்க்கரை எத்தனை தேக்கரண்டி என்று விலையின் அளவுள்ள எழுத்திலேயே எழுதவேண்டும். விலையில்லாக் குடிநீர் கடையின் அருகிலேயே, குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். தம்பானூரில் உள்ள கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகள் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கையில் உள்ளவை. மக்கள் பணத்தால் நடக்கும் அந்த அரங்குகள் முதல் அடி எடுத்துவைத்தால் தனியார் பின்தொடர்வது எளிது.

அரசுக்கு மனுக் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? நம் சங்கமும் ஆண்டுதோறும் படவிழா நடத்துகின்றது. வளாகத்து ஊழியர்களின் குழந்தைகளும் வந்து முன்வரிசையில் உட்காருகின்றார்கள். அவ்விழாவுக்குப் பானக் கம்பெனியின் பந்தலும் பதாகையும் வேண்டாம். இடைவேளையில் சுண்டலும், அவித்த மரவள்ளிக்கிழங்கும், இஞ்சி தட்டிப்போட்ட சம்பாரமும் நாமே விற்போம். வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுவருகின்றவர்களை வாயிலில் வரவேற்போம். வருமானம் சிறிது குறையலாம். குறைவை ஈடுசெய்ய உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு காப்பிக் காசு கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியிருக்கின்றேன். திரைப்பட வளர்ச்சிக் கழகத்திற்கு அனுப்பவேண்டிய மனுவையும் அன்றே படிப்பேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். எதிர்க்கவும் ஒருவர் வந்தால் மகிழ்வேன். பேசித் தீர்ப்போம், வாருங்கள்.